சீனியின் கால்

வெள்ளவத்தை,
ஞாயிறு மாலை

அன்புள்ள குமரன்,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. வீட்டில் எல்லோரும் சுகம். சீனிக்குத்தான் சுகமில்லை. நீ மழையில் நாய்க்குட்டியாய்த் தூக்கி வந்து அம்மாவின் மடியில் விட்டாயே, அதே சீனிதான்.

சித்திரையில் முன்னங்காலை ஊன்றாமல் நொண்டினான். முள் குத்தியிருக்கும் என்று இரண்டு கிழமை எண்ணெய் தடவினோம். டொக்டரும் முதலில் சுளுக்கு என்றுதான் மாத்திரை தந்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்தால், மணிக்கட்டுக்கு மேலே எலும்பு கறையான் அரித்த பலகை மாதிரி. புற்றுநோய். காலை எடுத்தாயிற்று.

மூன்றாம் நாளே எழும்பி நின்றுவிட்டான், மச்சான்! தரை வழுக்குகிறது என்று அம்மா வீடு முழுக்கச் சாக்கு விரித்திருக்கிறா. கடற்கரை ரயில் கூவினால் இன்னமும் பதிலுக்கு ஊளையிடுகிறான்.

இப்போது பயமெல்லாம் நுரையீரலை நினைத்துத்தான். நோய் தெரியவரும்போதே அது பெரும்பாலும் அங்கே விதைத்துவிடும். காலை மட்டும் எடுத்த பல நாய்களுக்கு நாலைந்து மாதம்தான்.

இதைத் தேடிப் படித்தபோதுதான் லிப்போசோம் பற்றி அறிந்தேன். அலெக் பாங்ஹாம் 1960களில் இங்கிலாந்தில் கண்டறிந்த நுண்ணிய கொழுப்புக் குமிழி. அதற்குள் பாக்டீரியாவின் சுவரில் இருக்கும் ஒரு துண்டைப் போலச் செய்த மருந்தை வைத்து இரத்தத்தில் ஏற்றுகிறார்கள். வேண்டாததை விழுங்கித் துப்புரவாக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் குமிழியையும் விழுங்குகின்றன. கிருமி வந்துவிட்டது என்று உசாராகி, பக்கத்தில் இருக்கும் புற்று அணுக்களைக் கொல்லத் தொடங்குகின்றன. உடம்பின் சொந்தக் காவலாளியையே தட்டி எழுப்புகிற வேலை. எவ்வளவு அழகான யோசனை!

1989இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மெக்யுவன் குழுவினர், காலெடுத்த 27 நாய்களில் இதைச் சோதித்தார்கள். வெறும் குமிழி ஏற்றியவற்றில் பாதி 77 நாளைத் தாண்டவில்லை. மருந்து ஏற்றியவற்றில் பாதி 222 நாளைத் தாண்டின. 2009இல் அதே மருந்து மிஃபாமர்டைட் என்ற பெயரில், எலும்புப் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்காக ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. நல்லது, பிள்ளைகள் பிழைக்கட்டும். ஆனால் நாய்களுக்கென்று அது கடைக்கு வரவே இல்லை. எனக்கு அது ஆறவில்லை, குமரன். இரவில் அவன் தலையை என் காலில் வைத்துப் படுக்கும்போது அந்த 27 நாய்களும் நினைவுக்கு வருகின்றன.

இங்கே கிடைப்பது கார்போபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து. மூன்று கிழமைக்கு ஒருமுறை ஊசி. செவ்வாய்க்கிழமை முதலாவது. பேராதனையில் மிருக வைத்தியம் படித்த உன் மச்சாளிடம் கேட்டு உடனே சொல்லு: ஊசி போட்ட அன்று வாந்தி எடுத்தால் சோறு கொடுக்கலாமா, கஞ்சியா?

அன்புடன்,
ரவி