கிரெய்ன் வேறு, கிராம் வேறு: மான் வேட்டைத் துப்பாக்கியின் மருந்தளவு குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், அமெரிக்காவின் மான் வேட்டைப் பருவம் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். குழலின் வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இட்டுக் கோலால் கிட்டிக்கும், அதாவது இறுக்கி அமர்த்தும், ‘மஸில்லோடர்’ துப்பாக்கியைப் பற்றித் தமிழில் ஒருவர் எழுத முன்வந்ததே எனக்கு மகிழ்ச்சி அளித்தது. ஆயினும், ஒரு முறை சுடுவதற்கு 100 முதல் 150 கிராம் வரை மருந்து இடலாம் என்றும், மருந்து கூடக்கூட மான் உறுதியாக விழும் என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது. முதல் கூற்று உயிருக்கே ஆபத்தானது. இரண்டாவது கூற்று, காயம்பட்ட மான்களைக் காட்டில் அலையவிடும் தவறான நம்பிக்கை. பென்சில்வேனியாவில் பதினான்கு ஆண்டுகளாக இவ்வகைத் துப்பாக்கியால் வேட்டையாடி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அலகிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் மருந்தின் அளவையும் குண்டின் எடையையும் ‘கிரெய்ன்’ என்னும் பழைய அலகில் சொல்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். ஆகவே 100 கிரெய்ன் மருந்து என்பது ஏறத்தாழ ஆறரை கிராம்தான். 100 கிராம் என்றால் அது 1,543 கிரெய்ன் ஆகிவிடும். அரை அங்குலக் குழலில் அவ்வளவு மருந்தைக் கொட்டினால் முப்பது அங்குல நீளத்துக்கு அடைத்துக்கொண்டு நிற்கும். அனுபவமுள்ளவர் அந்த இடத்திலேயே தவறைக் கண்டுகொள்வார். புதிதாகத் தொடங்கும் ஒருவரோ, எதற்கும் கால்பங்கு மட்டும் இட்டுப் பார்ப்போம் என்று தராசில் 25 கிராம் நிறுத்துப் போட்டாலும், அது ஏறத்தாழ 385 கிரெய்ன். பெரும்பாலான துப்பாக்கிகளுக்குத் தயாரிப்பாளர் விதித்துள்ள உச்ச அளவைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

நிறுத்துப் போடுவது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்ற விகிதத்தில் செய்யப்படும் கருமருந்தைத்தான் இந்தத் துப்பாக்கிகள் முதலில் பயன்படுத்தின. இன்றும் மருந்தளவுகள் அதைக் கொண்டே சொல்லப்படுகின்றன. அதற்கு மாற்றாக வந்த பைரோடெக்ஸ் போன்றவை எடை குறைந்தவை. அவற்றைத் தராசில் நிறுக்கக் கூடாது, கருமருந்துக்கென்று கோடிட்ட பித்தளை அளவைக் குழாயில் கன அளவாக அளந்தே இட வேண்டும். அவ்வாறு 100 என்ற கோடு வரை நிரப்பிய பைரோடெக்ஸை நிறுத்துப் பார்த்தால் 70 கிரெய்ன் அளவுக்குத்தான் இருக்கும். டிரிபிள் செவன் என்ற மாற்று மருந்தோ வீரியம் மிகுந்தது. கருமருந்துக்கு இணையான வேகம் வேண்டுமானால் கன அளவில் 15 சதவீதம் குறைக்கும்படி அதன் தயாரிப்பாளரே அறிவுறுத்துகிறார். தற்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தை, அதற்கென்றே வடிவமைக்கப்படாத எந்த மஸில்லோடரிலும் ஒரு சிட்டிகைகூட இடலாகாது. அதன் அழுத்தம் குழலைப் பிளந்துவிடும். சுடுபவரின் இடக்கை அந்தக் குழலைத்தான் தாங்கியிருக்கிறது. கட்டுரை எல்லாவற்றையும் ‘துப்பாக்கி மருந்து’ என்று பொதுவாகச் சொல்லிச் சென்றதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கூற்றை நானும் ஒரு காலத்தில் நம்பினேன். நான் துப்பாக்கி வாங்கிய கடையில், ஒவ்வொன்றும் 50 கிரெய்னுக்கு ஈடான அழுத்திய மருந்து வில்லைகள் மூன்றையும், பிளாஸ்டிக் உறையில் அமர்ந்த குண்டு ஒன்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால் வேறெதையும் பற்றி யோசிக்க வேண்டாம் என்றார்கள். அக்டோபர் பருவத்தின் முதல் மாலையில், எழுபது கஜத்தில் நின்ற பெட்டை மானை அவ்வாறே சுட்டேன். புகை கலைந்தபோது மான் இல்லை. இருட்டும்வரை தேடினேன், மறுநாள் விடிந்த பிறகுதான் ஓடைக்கரையில் கண்டெடுத்தேன். குண்டு நெஞ்சில் படாமல் வயிற்றில் பட்டிருந்தது. அந்த இரவு அந்த உயிர் பட்ட பாட்டுக்கு நானே பொறுப்பு என்பதை இன்றுவரை நான் மறக்கவில்லை. அடுத்த வாரம் தாள் இலக்கை வைத்துச் சுட்டுப் பார்த்தபோது, அதே மூன்று வில்லைகளில் ஐந்து குண்டுகள் ஐம்பது கஜத்திலேயே ஒன்பது அங்குல வட்டத்துக்குச் சிதறின. வில்லை ஒன்றைக் குறைத்ததும் இரண்டரை அங்குலத்துக்குள் அடங்கின. வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி எட்டு முதல் பத்து அங்குலந்தான் என்பதை வைத்துப் பார்த்தால், பிழை எங்கே நேர்ந்தது என்பது விளங்கும்.

மருந்தை இரட்டித்தால் குண்டின் வேகம் இரட்டிப்பதில்லை. குழலின் நீளத்துக்குள் எரிய முடிகிற மருந்துக்கு ஓர் அளவு உண்டு; அதற்கு மேல் இட்டால் கூடுவது புகையும், கசடும், தோளில் விழும் உதையும்தான். உருண்டைக் குண்டைப் பொறுத்தவரை இது இன்னும் தெளிவு. நல்ல மருந்தளவில் குழலை விட்டு நொடிக்கு 1,900 அடி வேகத்தில் புறப்படும் ‘.50’ கேலிபர் (அதாவது அரை அங்குலக் குழலுக்கான) உருண்டை, நூறு கஜத்தைக் கடப்பதற்குள் அந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடுகிறது. உருண்டை வடிவம் காற்றை எதிர்த்துச் செல்ல ஏற்றதன்று. வேகம் மிகுந்தால் காற்றின் தடையும் மிகும். எனவே கூடுதல் மருந்தால் கிடைத்த வேகத்தின் பெரும்பகுதி மானை எட்டுவதற்கு முன்பே கரைந்துவிடுகிறது.

ஆதலால் மருந்தைப் பற்றி நினைப்பதற்கு முன் குழலைப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. குழலின் உட்புறம் வெட்டப்பட்ட சுருள்பள்ளம் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகத் திரும்புமானால், அது எண்ணெய் தோய்ந்த துணித்துண்டில் பொதிந்த ஈய உருண்டைக்கானது. 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், நீண்ட கூம்புக் குண்டுகளுக்கும், ‘சேபோ’ என்னும் பிளாஸ்டிக் உறையில் அமர்ந்த குண்டுகளுக்கும் உரியது. இரண்டுக்கும் நடுவில் 48 அங்குலச் சுற்றும் உண்டு. அதில் எது நன்றாகச் செல்லும் என்பதைச் சுட்டுப் பார்த்தே அறிய வேண்டும். குண்டு பொருந்தாத குழலில் எத்தனை கிரெய்ன் இட்டாலும் பயனில்லை.

உருண்டைக் குண்டின் எடை நம் விருப்பத்தில் இல்லை. விட்டம் முடிவானால் எடையும் முடிவாகிவிடும். ‘.45’ துப்பாக்கியின் உருண்டை 128 கிரெய்ன், ‘.50’ துப்பாக்கிக்கு 177, ‘.54’ துப்பாக்கிக்கு 224. விட்டம் சிறிது கூடினாலும் எடை விரைந்து கூடுவதைக் கவனிக்கலாம். அதனால்தான் மானுக்கு ‘.50’ அல்லது ‘.54’ உருண்டையை நான் பரிந்துரைப்பேன். கொலராடோ மாநில விதியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: மானுக்குக் குறைந்தது ‘.40’ கேலிபர் வேண்டும், ‘.50’ வரையுள்ள துப்பாக்கிகளில் குண்டு 170 கிரெய்னுக்குக் குறையக் கூடாது. அந்தக் கணக்கில் ‘.45’ உருண்டை அங்கே செல்லாது. உருண்டையாயினும் கூம்பாயினும் தூய, மெல்லிய ஈயத்தில் வார்த்ததாக இருக்க வேண்டும். உலோகம் கலந்த கெட்டி ஈயத்தைக் குழலில் இறக்குவதும் கடினம். உடலில் பட்டபின் அது விரிவதும் குறைவு.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. கொலராடோவின் மஸில்லோடர் பருவத்தில் மருந்து வில்லைக்கும் சேபோ உறைக்கும் இடமில்லை. நான் முதலில் வாங்கிய இரண்டு பொருள்களுமே அங்கே சட்டவிரோதம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. அங்கே வேட்டையாடுபவர் செப்புக் குண்டு போன்ற ஈயமற்ற குண்டுக்கு மாற வேண்டும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதே எடைக்கு நீளம் கூடும், எனவே விரைவாகச் சுற்றும் சுருள்பள்ளம் தேவைப்படும். பென்சில்வேனியாவிலோ 1974 முதல், கிறிஸ்துமஸுக்குப் பிறகு சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்றே தனிப் பருவம் ஒன்று இருக்கிறது. கல்லின் பொறியில் மாற்று மருந்துகள் எளிதில் பற்றுவதில்லை. அந்தப் பருவத்தில் நான் அசல் கருமருந்தைத் தவிர வேறெதையும் நாடுவதில்லை.

மருந்தளவைத் தேர்ந்தெடுக்க நான் பின்பற்றும் முறை மெதுவானது, ஆனால் என்னைக் கைவிட்டதில்லை. ‘.50’ துப்பாக்கியில் 50 கிரெய்னில் தொடங்கி, ஐந்தைந்தாகக் கூட்டி, ஒவ்வோர் அளவிலும் ஐந்து குண்டுகளை ஐம்பது கஜத் தாள் இலக்கில் சுடுகிறேன். ஒவ்வொரு சுடுதலுக்குப் பின்னும் ஈரத் துணியால் குழலைத் துடைக்காவிட்டால் கசடு சேர்ந்து, அளவை ஒப்பிடுவதே பொருளற்றுப் போகும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட உச்ச அளவை ஒருபோதும் தாண்டுவதில்லை. பெரும்பாலும் அதை எட்ட வேண்டிய தேவையே வருவதில்லை. என் கல் துப்பாக்கியில் உருண்டைக்கு 75 கிரெய்னில் குண்டுகள் ஓரிடத்தில் கூடின. 80-இல் மறுபடி விரிந்தன. 75-ஐ வைத்துக்கொண்டேன். அந்த உருண்டையால் அறுபது கஜத்துக்கு அப்பால் நிற்கும் மானை நான் சுடுவதில்லை, எவ்வளவு பெரிய கொம்பாயினும்.

கிட்டிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்தைக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டக் கூடாது. முந்தைய சூட்டின் கனல் உள்ளே மிஞ்சியிருந்தால் குடுவையே வெடிக்கும். அளவைக் குழாயில் எடுத்த பிறகே இட வேண்டும். குண்டு மருந்தின்மேல் இடைவெளியின்றி அமர வேண்டும். இடையில் நின்றுவிட்டால் குழல் புடைக்கவோ வெடிக்கவோ கூடும். சரியாக அமர்ந்தபோது கிட்டிக்கோல் குழல்வாயில் நிற்கும் இடத்தில் ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டால், குண்டு முழுவதும் இறங்கியதா, தவறி இருமுறை மருந்து இட்டோமா என்பதை இருட்டிலும் விரலால் தடவியே அறியலாம்.

தங்கள் நாளிதழின் பக்கங்களைக் கத்தரித்துப் பாதுகாக்கும் பழக்கம் என் வீட்டிலேயே உண்டு. அந்தக் கட்டுரையையும் யாரேனும் கத்தரித்துத் துப்பாக்கிப் பெட்டியில் வைத்திருக்கக் கூடும். ஆகவே, ‘கிராம்’ என்றிருப்பது ‘கிரெய்ன்’ என்றிருக்க வேண்டும் என்ற திருத்தத்தையும், புகையில்லா மருந்து பற்றிய எச்சரிக்கையையும், கட்டுரை வெளியான அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், வரும் ஞாயிறே வெளியிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அக்டோபர் பருவம் தொடங்க இன்னும் சில வாரங்களே உள்ளன.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பென்சில்வேனியா