அந்த ஆய்வின் மறுபாதியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கர்ப்ப காலத்தில் ஓபியாய்டு வகை வலி மருந்து (மார்ஃபின், டிரமடால் போன்றவை) எடுத்தால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் மனநல, நரம்பியல் பாதிப்பு வரும் என்று ஓர் ஆய்வு சொல்வதாக உங்கள் நாளிதழில் வந்த செய்தியை என் நாத்தனார் கத்தரித்து வைத்திருந்து காட்டினார். கெட்ட எண்ணத்தில் காட்டவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

என் மூத்த மகனுக்கு 9 வயது. ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு, இருப்பதாக 2 வருடத்துக்கு முன் சொன்னார்கள். அவன் வயிற்றில் இருந்த ஐந்தாம் மாதத்தில் எனக்குச் சிறுநீரகக் கல் வலி வந்தது. இரண்டு பிள்ளை பெற்றவள் சொல்கிறேன், பிரசவ வலி அதற்குப் பக்கத்தில்கூட வராது. மார்ஃபின் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்து 6 நாள் டிரமடால் சாப்பிட்டேன். அவன் வீட்டுப்பாடத்தைப் பாதி வரியில் விட்டுவிட்டு எழுந்து ஓடும்போதெல்லாம் அந்த மாத்திரை அட்டைதான் என் கண்முன் வந்து நிற்கும்.

மருத்துவம் படித்த என் தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஆய்வையே படித்தேன். தென் கொரியாவில் 2010 முதல் 2017 வரை பிறந்த 30 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து, 2024-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மருந்து எடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆபத்து 7 சதவீதம் கூடுதல் என்பது அதில் இருக்கிறது. 100 பிள்ளைகளில் 7 பேருக்கு வரும் என்று என் நாத்தனார் புரிந்துகொண்டிருந்தார். அப்படி இல்லை. 100 பேருக்கு வருகிற இடத்தில் 107 பேருக்கு வரலாம் என்பதுதான் கணக்கு. சரி, அதுவும் கவலைதானே என்று மேலே படித்தால், ஒரே தாய் ஒரு கர்ப்பத்தில் மருந்து எடுத்து இன்னொன்றில் எடுக்காமல் பெற்ற பிள்ளைகளை ஒப்பிட்டிருக்கிறார்கள். அங்கே அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. குடும்ப மரபும் தாயின் உடல்நிலையும் வீட்டுச் சூழலும் சேர்ந்து காட்டிய வித்தியாசமாக அது இருக்கலாம். உங்கள் செய்தியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இது சாதாரண மாத்திரை என்று நான் சொல்ல வரவில்லை. அதே ஆய்வில் 60 நாளோ அதற்கு மேலோ எடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. முதல் 3 மாதத்தில் எடுத்தாலும், அளவு கூடினாலும் கொஞ்சம் அதிகம். அதையும் விளக்கமாகப் போட்டிருக்கலாம்.

எனக்குப் பெரிய பயம் வேறு. இந்த மருந்துக்கு அடிமைப்பட்ட ஒரு கர்ப்பிணி உங்கள் தலைப்பைப் படித்துவிட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் என்ன ஆவது? உடல் தாங்காமல் மறுபடி அதையே தேடிப் போவார். அதனால்தான் அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் மெதடோன் அல்லது புப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்தைக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே சொல்லியிருக்கிறது. தாயிடமிருந்து வந்துகொண்டிருந்த மருந்து பிறந்ததும் நின்றுபோவதால் குழந்தை கீச்சென்று ஓயாமல் அழலாம், நடுங்கலாம், பால் குடிக்கச் சிரமப்படலாம். அதற்கும் சிகிச்சை உண்டு. ஆனால் தாய் முன்கூட்டியே வாயைத் திறந்து சொன்னால்தான் மருத்துவர்கள் தயாராக இருக்க முடியும். பழி விழும் என்று பயந்தவள் எப்படிச் சொல்வாள்?

சகோதரப் பிள்ளைகளை ஒப்பிட்ட அந்தப் பகுதியை, முதல் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். அதையும் கத்தரித்து நாத்தனாரிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்