லெர்விக்கிலிருந்து ஒரு சிட்டம் நூல்

லெர்விக், ஷெட்லாந்து
ஜூலை

அன்புள்ள அம்மாவுக்கு,

"ஆட்டு மயிரை வெச்சுக்கிட்டு அங்க என்னடி பண்றே"ன்னு போனில் கேட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம் ஓட்டின உனக்குத்தான் இது சொன்னால் புரியும்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் இந்தத் தீவுகளில், கோடை வந்தால் ஆடுகளுக்குப் பழைய ரோமம் வேர்ப்பக்கம் நைந்து தானாகவே கழன்றுகொள்ளும். கத்தரி வேண்டாம், ஆட்டைப் பிடித்து உட்கார்ந்து கையாலேயே உருவி எடுக்கிறார்கள். ரூயிங் என்று பேர். எல்லா ஆட்டுக்கும் இப்படி வராது, வராததற்கு மெஷின்தான். ஓர் ஆட்டில் கிடைப்பது ஒரு கிலோ, ஒன்றரை கிலோ. கழுத்து ரோமம்தான் உசத்தி. தொடைப்பக்கம் முரடு, சாணி வேறு. அதை வீட்டுக்காரம்மா உருளைக்கிழங்குப் பாத்திக்குப் போட்டுவிடுவார்.

கழுவுவதுதான் பெரிய பாடு. ரோமத்தில் ஊறிய கொழுப்பு நல்ல சூட்டில்தான் இளகும். சோப்பு கலந்த சுடுதண்ணியில் அமுக்கிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். கசக்கினாலோ திடீரென்று பச்சைத்தண்ணி ஊற்றினாலோ போச்சு. ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குத் தெரியாத செதில் உண்டு. ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு மொத்தமும் கெட்டியாகிவிடும். அந்தக் காலத்தில் நாள்பட்ட மூத்திரத்தில் ஊறவைத்துக் கழுவினார்களாம், அதிலிருக்கும் அம்மோனியா கொழுப்பை எடுத்துவிடும். முகம் சுளிக்காதே, சாயப்பட்டறை பார்த்தவள்தானே நீ!

காய்ந்ததும் கார்டிங், அதாவது இழைகளைச் சிக்கெடுத்துச் சீவுவது. மில்லில் அறையை அடைத்து நிற்குமே, அது இங்கே கம்பிப்பல் வைத்த இரண்டு பலகை, அவ்வளவுதான். மாற்றி மாற்றி இழுத்துச் சுருட்டினால் ராட்டைக்குப் போடும் பூணியேதான்.

ராட்டை கால் மிதியில் ஓடும். இரண்டு கையும் இழைக்கு. பஞ்சிழை ஓர் அங்குலம் சொச்சம்தானே, இது மூன்று நாலு அங்குலம். அதனால் குறைந்த முறுக்கிலேயே நிற்கும். பஞ்சுக்கு விடுகிற முறுக்கை விட்டால் கயிறுதான். பிறகு இரண்டு இழையை எதிர்ப்பக்கம் சேர்த்து முறுக்கி, நனைத்துக் காயப்போட்டால் படிந்துவிடும். வடக்கே அன்ஸ்ட் தீவில் கழுத்து ரோமத்தை எவ்வளவு சன்னமாக நூற்றார்கள் என்றால், அதில் பின்னிய முழுச் சால்வையும் கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வருமாம்.

நான் நூற்றது அந்த ரகமில்லை. ஒரு சிட்டம் பார்சலில் போட்டிருக்கிறேன். சாயமில்லை, அந்தச் செம்பழுப்பு, ஆட்டின் சொந்த நிறமே. அங்கங்கே தடிப்பு இருக்கும். பிரித்துப் பார்த்து முறுக்கு போதுமா என்று எழுது. வாஷிங் மெஷினில் மட்டும் போட்டுவிடாதே.

உன் மகள்