பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் முன்பு போலத்தான். சின்னம்மா வீட்டு வளைகாப்பு முடிந்தது. நீ ஏன் வரவில்லை என்று கேட்டார்கள், வேலை என்று சொல்லி வைத்தேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

பொங்கலன்று பேசியதுதான். அதற்கப்புறம் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் வருகிறது. குறை சொல்லவில்லை. சரி, உன்னோடு பேச முடியாவிட்டால் உன் கல்லோடாவது பேசலாமென்று, ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் நீ அனுப்பினாயே, கடல் அமிலமாகி உயிர்கள் அழிந்ததைப் பற்றி 2015-இல் கிளார்க்சனும் மற்றவர்களும் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, அதை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஆடி முழுக்க அதிலேயே போய்விட்டது. பாதிதான் புரிந்தது. ஆனாலும் முப்பது வருடம் குவாரி லேபில் கல்லை இடித்து டைட்ரேஷன் செய்தவனுக்குச் சுண்ணாம்பு புரியாமல் போகுமா? நம் அரியலூர்ப் பக்கத்துக் கல்லங்குறிச்சியில் கல்லாகிக் கிடக்கும் சிப்பிக்கு ஏறக்குறைய 7 கோடி வயது. அமீரகத்து முசந்தம் மலையில் இருக்கும் உன் கல்லுக்கு 25 கோடி. டீக்கடையில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. என் மகள் படிக்கிறாள் என்றதும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

உன் கல்லின் காலத்தில்தான் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பூமிக்கடியில் நிலக்கரியையும் சுண்ணாம்புப் பாறையையும் வேகவைத்ததில் கரியமில வாயு கிளம்பியிருக்கிறது. உயிர்கள் அழிந்து முடிய 60 ஆயிரம் வருடம். அதில் முதல் 50 ஆயிரம் வருடம் கடல் அத்தனையையும் வாங்கிக்கொண்டது, அமிலமாகிப் புளிக்கவே இல்லை. கடலில் அமிலத்தை முறிக்கும் காரம் அதிகம், வாயுவும் மெல்ல மெல்லத்தான் வந்தது. கடலின் புளிப்பைக் காட்டிக்கொடுக்கும் போரானைக் கல்லில் அளந்து பார்த்தும் மாற்றம் தெரியவில்லை என்று போட்டிருக்கிறார்கள். அப்புறம் வேகம் கூடியதும் ஒரு 10 ஆயிரம் வருடம் கடலால் தாங்க முடியவில்லை. கனமான சுண்ணாம்புக் கூடு கட்டியவைதான் அதிகம் அடிபட்டன. பழைய பவள இனங்கள் அடியோடு போய்விட்டன. பல பத்து லட்சம் வருடம் கழித்துத் தலைகாட்டிய பவளம் வேறு வகை. தென் சீனத்தில் அந்தக் காலத்துக் கடல் திட்டுகளின் மேல் நுண்ணுயிர்கள் ஓடு கட்டியிருப்பதைப் படத்தில் காட்டினாய். அம்மா அதை அடிப்பிடித்த அடை என்றாள். அன்று நீ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த 10 ஆயிரம் வருடத்தில் வருடத்துக்கு 240 கோடி டன் கார்பனாம். நாம் இப்போது எரிப்பதிலேயே 1000 கோடி. சிமென்ட் வேறு தனி. 100 கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகக் காற்றோடு போகும், தினமும் சுட்டு எடை போட்டவன் நான். அந்தப் பேச்சு இன்னொரு நாள். ராத்திரி கண் விழிக்காதே. சாப்பிடு.

ஒரு நிமிடம் பேசக்கூடவா நேரமில்லை?

விடு. கடல் வெளியே தெரியாமல் வாங்கிக்கொண்ட அந்த 50 ஆயிரம் வருடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன் பாப்பா. நாலைந்து நாள் அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை. முதல் வருடம் கார்த்திகையில், நடுராத்திரியில் போன் செய்தாயே. "என்னால முடியலப்பா, வந்துடறேன்" என்றாய். ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றேன். யார் என்று கேட்ட அம்மாவிடம் ராங் நம்பர் என்றேன். அவளுக்கு இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் நீ ஒரு தடவைகூட அழவில்லை. எல்லாம் நல்லா இருக்குப்பா என்பாய். நானும் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

வர வேண்டும் என்று தோன்றினால் வா. படிப்பு முடிந்ததா என்று நான் கேட்க மாட்டேன். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது என் பாடு. பணம் வேண்டுமானால் அந்த நீல டப்பா அப்படியேதான் இருக்கிறது.

பத்தாம் வகுப்பில் நீ பொறுக்கி வந்த பெரிய சிப்பியை அம்மா ஊறுகாய் ஜாடி மூடிமேல் பாரமாக வைத்திருக்கிறாள். எடுக்காதே என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். போன் வந்தால் நானே எடுக்கிறேன். "இரு, அம்மாகிட்ட தரேன்" என்று உடனே நீட்டிவிட மாட்டேன்.

அப்பா