பன்னீர்செல்வம் என்றால் விமானம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சர் ஏ.டி. பன்னீர்செல்வம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியதற்கு நன்றி, ஆனால் மனசு ஆறவில்லை. முக்கால்வாசிக் கட்டுரையும் 1940 மார்ச் 1-ஆம் தேதி ஓமன் வளைகுடாவின் மேல் காணாமல் போன ஹன்னிபால் விமானத்தைப் பற்றியே இருக்கிறது. லண்டனில் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரிக்கு ஆலோசகராகப் பொறுப்பேற்கப் போனவர், உடன் இருந்தவர்களோடு சேர்த்து எட்டுப் பேர், ஒருவரும் திரும்பவில்லை. பெரிய சோகம்தான், சரி. ஆனால் அந்த மனிதர் அதுவரை என்ன செய்தார்?

திருவாரூர்ப் பக்கத்துக்காரர், பாரிஸ்டர், நீதிக்கட்சியின் தூண், 1937 இடைக்கால அமைச்சரவையில் மந்திரி, இதெல்லாம் ஒரு பத்தியில் வந்துவிட்டது. 1920-களில் மாவட்ட உள்ளாட்சி அமைப்பான தஞ்சை ஜில்லா போர்டின் தலைவராக இருந்து செய்ததற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. மராட்டிய மன்னர்கள் விட்டுப்போன சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் அன்றைக்கு ஜில்லா போர்டின் நிர்வாகத்தில் இருந்தன, அந்த வருமானத்தில்தான் திருவையாற்றில் ஒரு கல்லூரி நடந்தது, அங்கே சொல்லிக்கொடுத்தது வடமொழி மட்டும். தமிழ் பேசும் ஜில்லாவின் பணத்தில் நடக்கிற கல்லூரியில் தமிழுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டு, கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனாரின் துணையோடு அங்கே தமிழைக் கொண்டுவந்து வைத்தவர் பன்னீர்செல்வம். ஒரத்தநாடு சத்திரத்தில் பிராமணரல்லாத பிள்ளைகளும் தங்கிச் சாப்பிட்டுப் படிக்க வழி செய்ததும் அவர்தான்.

எங்கள் அப்பா அந்தத் திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ்ப் புலமைக்கான வித்துவான் பட்டம் படித்தவர். தாத்தா அடுத்தவர் வயலில் நடவு வேலைக்குப் போனவர், கைநாட்டு. அப்பாவின் சான்றிதழ் இன்னும் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பட்டு வேட்டிக்குள் சுருட்டி வைத்தபடி இருக்கிறது, ஓரமெல்லாம் பழுப்பேறி, மடித்த இடத்தில் கிழிந்து. முப்பது வருஷம் தமிழய்யாவாக இருந்தார். பன்னீர்செல்வம் பெயரை யாராவது எடுத்தால் ‘சர்’ சேர்க்காமல் சொல்லமாட்டார், அந்த விமானத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

அடுத்த முறை எழுதும்போது உங்கள் நிருபரை ஒருநாள் திருவையாற்றுக்கு அனுப்புங்கள். அங்கே படித்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தஞ்சை மாவட்டத்து வாசகர் ஒருவர்