கழுவக் கழுவக் கெடும் ஃபில்டர்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் மீன் குளம் வைத்திருப்பவர்கள் கொளத்தூரில் நம் கடைப் படியேறினால் முதலில் கேட்பது, "அடிக்கடி கழுவ வேண்டாத ஃபில்டர் இருக்கா?" என்றுதான். இருக்கிறது. ஆனால் அட்டைப்பெட்டியில் வராது. அதனால்தான் இந்த மடல்.

போன பொங்கல் சமயம் ஒருவர் வந்தார். போகிக்கு வீடு கழுவிய கையோடு குளத்து ஃபில்டரையும் பிரித்து, ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் பளிச்சென்று பிழிந்து மாட்டியிருக்கிறார். நாலாம் நாள் கோய் என்ற அலங்காரக் கெண்டை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆறில் இரண்டுதான் மிஞ்சின. தண்ணீர் என்னவோ கண்ணாடி மாதிரி இருந்ததாம். தப்பு எங்கள் மேல். விற்றபோது சொல்லிக் கொடுக்கவில்லை.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். ஃபில்டரில் ஒட்டி வாழும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம், மூன்றாவது செடிக்கு உரம். இந்த பாக்டீரியா நன்றாகப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் ஒரே கழுவில் அதில் பெரும்பகுதியைக் காலி செய்துவிடலாம். ஸ்பாஞ்சில் ஒட்டியிருக்கும் பழுப்பு வழவழப்பு அழுக்கல்ல, இந்த பாக்டீரியா வாழும் இடம். கழுவியே ஆக வேண்டுமென்றால் குளத்துத் தண்ணீரை வாளியில் எடுத்து இரண்டு அலசு, போதும்.

மூடிய டப்பாவுக்குள் தண்ணீரை அழுத்தி அனுப்பும் பிரஷர் ஃபில்டர் பார்க்க அடக்கமாக இருக்கும். குளத்தின் மேல் வேப்பமரம் இருந்தால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கரண்ட் போய் நாலைந்து மணி நேரம் மூடியபடி கிடந்தால் உள்ளே பிராணவாயு தீர்ந்து பாக்டீரியா சாகும். மோட்டார் ஓடத் தொடங்கியதும் அந்த நாற்றத் தண்ணீர் நேரே குளத்துக்குள் போகும். எங்களுக்கு லாபம் அதில்தான் அதிகம். இருந்தாலும் இடம் இருப்பவர்களுக்கு அது வேண்டாம்.

அதற்குப் பதில் ஒரு நீல டிரம்மும் ஒரு செடித் தொட்டியும் போதும். 8 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டரை அடி ஆழம் உள்ள குளம் 100 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் சுமார் 2,830 லிட்டர். இது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை முழுக்கச் சுற்றி வர வேண்டும். மணிக்கு 3,000 லிட்டர் மோட்டார் எடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் கணக்கு உயரம் ஏற்றினால் குறையும். 40 வாட் மோட்டார் இரவு பகல் ஓடினால் நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்.

மோட்டார் ஏற்றும் குளத்துத் தண்ணீர் 200 லிட்டர் டிரம்முக்குள் ஓரமாக விழுந்து மெல்லச் சுழன்றால் கசடு அடியில் தங்கும். வாரம் ஒரு நாள் அடி வால்வைத் திறங்கள். கறுப்பாகச் சேறு கொட்டும், தென்னைக்கு விடலாம். டிரம்மிலிருந்து தண்ணீர் தானாகச் செடித் தொட்டிக்கு இறங்கட்டும். தொட்டி குளத்துப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, இங்கே 4 அடிக்கு 2 அடி. அடியில் கீறல் போட்ட பிவிசி பைப், அதன் மேல் ஓரடி உயரத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி. கருங்கல் ஜல்லியாக, கல்பொடி போகக் கழுவிப் போடுங்கள். கல்வாழை, வெட்டிவேர், சேம்பு எதுவானாலும் மண்ணை உதறிவிட்டு வேரை மட்டும் புதையுங்கள். தண்ணீர் கீழிருந்து ஜல்லி வழியே ஏறி, குளத்தில் வழியும்.

பாசியால் பச்சையாகும் தண்ணீருக்கு யூவி (புற ஊதா) விளக்கு உதவும், ஆனால் அம்மோனியாவை அது தொடாது. விளக்கு எரிந்தாலும் ஒரு வருடத்தில் வீரியம் குறைந்துவிடும், மாற்றுங்கள்.

அடுத்தது மீன். கோய் இரண்டடி வளரும். இந்தக் குளத்துக்கு மூன்று, கோல்ட்ஃபிஷ் என்றால் பத்து. மீன் விற்கிற கடை இப்படி எழுதலாமா என்று கல்லாவில் இருக்கும் தம்பி முணுமுணுக்கிறான்.

வரும்போது நீளம், அகலம், ஆழம், எத்தனை மீன், பக்கத்தில் என்ன மரம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாருங்கள். பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் ஸ்பாஞ்சைக் கழுவாமல் புதுத் தொட்டியில் ஆறு வாரம் போட்டு வைத்தால், பாக்டீரியா அதிலிருந்து ஜல்லிக்குப் பரவிவிடும்.

அன்புடன்,
உங்கள் மீன் கடை,
கொளத்தூர், சென்னை