பொங்கல் விழாவில் ஒரு மேசை போடுங்கள்: டெக்சஸ் தமிழ்ப் பெற்றோருக்கும் சங்கங்களுக்கும் திறந்த மடல்

டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் வட்டாரங்களில் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம்.

வீடு பார்க்கும்போது நாம் முதலில் கேட்பது "எந்த ஐஎஸ்டி?", அதாவது எந்தப் பள்ளி மாவட்டம், என்றுதான். ஃபிரிஸ்கோவில் வீடு என்றாலும் அது ஃபிரிஸ்கோ ஐஎஸ்டியா, பிராஸ்பரா, லூயிஸ்வில்லா என்று தெருத் தெருவாக விசாரிக்கிறோம். ரேட்டிங் ஒரு புள்ளி கூடுதல் என்றால் விலையைக் கூட்டிக் கொடுக்கவும் தயங்குவதில்லை. அந்த ஐஎஸ்டியை நடத்தும் போர்டில் மக்கள் தேர்ந்தெடுத்த ஏழு பேர் யார் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பாருங்கள். பதில் வராது. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வரி விகிதம், எந்தப் பள்ளியை மூடுவது, எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்பதெல்லாம் அவர்கள் கை தூக்கி முடிவு செய்வது. பெரும்பாலான ஊர்களில் அவர்களுக்கான தேர்தல் மே மாத முதல் சனிக்கிழமை. பல இடங்களில் பத்தில் ஒருவர் வந்து ஓட்டுப் போட்டாலே அதிசயம்.

இப்போது எழுதக் காரணம், ஆஸ்டினில் மாநிலச் சட்டமன்றத்தின் 2025 அமர்வில் நிறைவேறிய சட்டங்கள். அவை ஒவ்வொன்றாக நம் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

முதலில் வவுச்சர். மே 2025-ல் ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்திட்ட எஸ்பி 2 (செனட் மசோதா 2) சட்டம், தனியார் பள்ளிக் கட்டணத்துக்காக 100 கோடி டாலரை ஒதுக்கியது. பிள்ளைக்கு ஏறக்குறைய 10,000 டாலர் கிடைக்கும் என்றதும் நம் குழுக்களில் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள். டல்லாஸின் பேர்போன தனியார் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 30,000 டாலருக்கு மேல். விண்ணப்பம் அதிகமானால் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும்தான் முன்னுரிமை. வறுமைக்கோட்டைப் போல ஐந்து மடங்கு வருமானத்தைத் தாண்டியவர்கள் கடைசி வரிசை; மொத்தப் பணத்தில் அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்குதான் அவர்களுக்கு. கணவனும் மனைவியும் ஐடியில் இருக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் அந்த வரிசையில்தான் நிற்கும் என்று நினைக்கிறேன். இன்னொன்று: யாரைச் சேர்ப்பது என்பது தனியார் பள்ளியின் விருப்பம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அரசுப் பள்ளி சட்டப்படி செய்தே ஆக வேண்டியதை அங்கே கேட்டு வாங்க முடியாது.

அதே அமர்வில் அரசுப் பள்ளிகளுக்கு என்ன கொடுத்தார்கள்? எச்பி 2 (கீழவை மசோதா 2) மூலம் 850 கோடி டாலர். தொகை பெரியதுதான், மறுக்கவில்லை. ஆசிரியர் சம்பளம் உயர்ந்தது, அதுவும் நல்லது. ஆனால் பெரும்பகுதி இன்ன செலவுக்கு என்று கட்டிக் கொடுத்த பணம். மாவட்டம் தன் தேவைக்கேற்பச் செலவிடக்கூடிய அடிப்படைத் தொகை 2019-லிருந்து மாணவருக்கு 6,160 டாலராகவே கிடந்தது. அதில் கூட்டியது 55 டாலர். இடையில் விலைவாசி ஏறிய கதையை நம் மளிகை பில்லே சொல்லும். பிளேனோ ஐஎஸ்டி 2024-ல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. காப்பல் ஐஎஸ்டி, பிங்கர்ட்டன் தொடக்கப் பள்ளியை மூட வாக்களித்தது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததும் காரணம்தான், ஆனால் பணமும் காரணம். பிளேனோவில் நாம் கட்டும் பிராப்பர்ட்டி டாக்ஸில் ஒரு பகுதி, 1993-லிருந்து நடப்பில் உள்ள மறுபங்கீட்டு முறைப்படி மாநிலத்துக்குப் போய்விடுகிறது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

சின்ன விஷயங்களுக்கும் வருகிறேன். எஸ்பி 12 வந்த பிறகு, பிள்ளை பள்ளியில் எந்த கிளப்பில் சேர்ந்தாலும் பெற்றோர் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். 2025 ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது, முழங்காலில் சிராய்த்துக்கொண்ட குழந்தைக்கு பேண்டெய்ட் ஒட்டலாமா, அதற்கும் கையெழுத்து வேண்டுமா என்று நர்ஸ்கள் குழம்பினார்கள். மாநிலக் கல்வித் துறை பிறகு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. எஸ்பி 13 படி, நூலகத்துக்கு வாங்கப்போகும் புத்தகப் பட்டியலை 30 நாள் பொதுப் பார்வைக்கு வைத்து, பிறகு போர்டே ஒப்புதல் தர வேண்டும். நூலகர் செய்துகொண்டிருந்த வேலை இது. இப்போது அந்த ஏழு பேர் கையில். அவர்கள் யார் என்பது இதற்காகவாவது முக்கியமில்லையா?

போர்டே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹூஸ்டன் இருக்கிறது. ஒரே ஒரு பள்ளி மாநில மதிப்பீட்டில் ஐந்து ஆண்டு தொடர்ந்து தேறாவிட்டால், அந்தப் பள்ளியை மூட வேண்டும் அல்லது மாவட்ட போர்டையே மாற்ற வேண்டும் என்கிறது 2015-ல் வந்த சட்டம். அப்படித்தான் 2023 ஜூனில் ஹூஸ்டன் ஐஎஸ்டியில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை விலக்கி, மாநிலம் தன் ஆட்களை உட்கார வைத்தது. மைக் மைல்ஸ் கண்காணிப்பாளராக வந்தார். மதிப்பெண் உயர்ந்தது என்கிறார்கள், உயர்ந்திருக்கிறது. பல பள்ளிகளில் நூலகர்களும் போனார்கள். பிடிக்கவில்லை என்றால் தேர்தலில் யாரை மாற்றுவது? 2025 அக்டோபரில் ஃபோர்ட் வொர்த்துக்கும் அதே அறிவிப்பு வந்தது.

நம் ஓட்டால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு: 2023 நவம்பரில் இதே வவுச்சரை மாநிலக் கீழவை 84-63 என்று தோற்கடித்தது. ஆளுநரின் கட்சியிலேயே 21 பேர் எதிர்த்தார்கள். அடுத்த ஆண்டு பிரைமரியில் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில்) அவர்களில் பலரை எதிர்த்து அபட் ஆள் நிறுத்தினார், பலர் தோற்றார்கள். 2025 ஏப்ரலில் அதே அவை 86-61 என்று நிறைவேற்றியது. இடையில் மாறியது பிரைமரி ஓட்டு. மார்ச் மாதம், கொஞ்சம் பேர் மட்டும் வந்து போட்ட ஓட்டு.

எச்1பி, கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை, உண்மைதான். ஆனால் வீடு வைத்திருந்தால் பள்ளி வரி கட்டுகிறீர்கள், போர்டு கூட்டத்தில் பேசவும் உரிமை இருக்கிறது. 2019-லிருந்து, கூட்ட நிரலில் (அஜெண்டாவில்) உள்ள விஷயத்தைப் பற்றிப் பேச விரும்பும் யாரையும் முடிவெடுக்கும் முன் பேசவிட வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். குடியுரிமைச் சான்றை யாரும் கேட்பதில்லை. மூன்று வேலை நாள் முன்பே நிரல் இணையத்தில் வந்துவிடும். பெயர் பதிந்துவிட்டுப் போனால் இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அலுவலகத்தில் நாள் முழுவதும் பேசும் அதே ஆங்கிலம் போதும்.

தமிழ்ச் சங்கங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். மே தேர்தலுக்கு 30 நாள் முன்பே வாக்காளர் பதிவு முடிந்துவிடும். ஆகவே பொங்கல் விழாவில், சர்க்கரைப் பொங்கல் வரிசைக்குப் பக்கத்திலேயே பதிவுக்கு ஒரு மேசை போடுங்கள். சித்திரை விழாவுக்கு போர்டு வேட்பாளர்கள் எல்லோரையும் கூப்பிடுங்கள்; ஒருவரை மட்டும் தூக்கிப் பிடித்தால் சங்கத்தின் வரிவிலக்குக்கே சிக்கல் வரும். சால்வை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்து அனுப்பிவிடாதீர்கள். அடுத்து எந்தப் பள்ளியை மூடப் போகிறீர்கள், நூலகப் பட்டியலில் எதைத் தள்ளினீர்கள், 2027 ஜனவரியில் ஆஸ்டினில் அமர்வு கூடும்போது 55 டாலரைப் பற்றி நம் சட்டமன்ற உறுப்பினரிடம் என்ன கேட்பீர்கள் என்று மைக்கைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
காலின் கவுன்ட்டியில் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒரு தாய்